ஆவிக்குள் இருந்த முகம்

நாச்சியம்மை நடத்திய ஓவியப் பள்ளியின் முன்கூடத்தில், விஜயதசமிக்கு விஜயதசமி ஒரே ஒரு சீடரின் படம்தான் மாட்டப்படும். அடைக்கலம் பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தான். இந்த வருஷம் மிராசுதார் ஒருவரை, மீசையில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிய வரைந்திருந்தான். புது வேட்டிகூட எடுத்து வைத்திருந்தான்.

மாட்டப்பட்டதோ மீனாள் எடுத்த புகைப்படம். ஏழு மாசத்துக்கு முன்னால்தான் கேமராவும் கையுமாக வந்து சேர்ந்தவள்.

அடைக்கலத்துக்கு வயிறு எரிந்தது. ஒற்றைக் கண்ணை மூடி அவளைப்போல நடித்தான். குருவின் குரலிலேயே, "அடடா மீனாளு, என்னமா அமுக்குறே" என்று பேசிக் காட்டினான். மற்ற சீடர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் வயிறு இன்னும் கூடுதலாக எரிந்தது. நேரே குருவிடம் போனான்.

"ஒரு முகம் வரைய எனக்கு மூணு மாசம் ஆகுதும்மா. அவளுக்கு ஒரு 'டிக்'. இதுக்குப் பேரும் கலையா?"

நாச்சியம்மை தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதுல ஒரு குறை கண்டுபிடிச்சிட்டு வாப்பா. நானே கழட்டிட்டு உன் படத்தை மாட்டுறேன்."

குஷியாக ஓடினான்.

படத்தில் இட்லிக் கடைக்காரி ஒருத்தி இட்லி வேகும் கொப்பரையின் மூடியைத் தூக்குகிறாள். ஆவி முகத்தை மறைத்துவிட்டது. சிவந்த விரல்களும் ஒரு மூக்குத்தியும்தான் மிச்சம்.

முகமே இல்லை என்று அன்றைக்கே வந்து சொன்னான். மனசுக்குள் ஆவியை விலக்கிவிட்டுப் பார்க்கச் சொன்னாள் குரு.

மறுநாள் வந்தவனிடம் பழைய வேகம் இல்லை. ஆவி போனால் விரலில் இருக்கிற சூடும் போய்விடுகிறது என்றான். வலப்பக்கத்து வெறுஞ்சுவரை வெட்டிவிடலாம் என்று பார்த்தால், ஆவி போக வழியில்லை என்று முணுமுணுத்தான்.

மூன்றாம் நாள் சாப்பாட்டையும் மறந்து படத்தின் முன்னால் நின்றான். அந்தப் பக்கம் போன மீனாளிடம், அந்தக் கடையில் எத்தனை நாள் நின்றாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். பத்தொன்பது நாள் அண்ணே, இட்லியைக் கண்டாலே இப்போ ஓடுறேன் என்றாள் அவள்.

சாயங்காலம் குருவே கூடத்துக்கு வந்தாள்.

"கிடைச்சுதா?"

"இல்லம்மா." படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "ஆனாலும் மனசு ஆறமாட்டேங்குது. என் படம் இங்கே இருக்கணும்."

"மாட்டிடலாம். இந்த மூணு நாள்ல ஒரு தடவையாவது உன் படத்தைப் போய்ப் பார்க்கணும்னு உனக்குத் தோணுச்சா?"