ராஜா பொழி வெட்டின கதை

தாழங்கரை ராஜா சேந்தவர்மர் தங்கமான மனுஷர். ஆனால் ஓர் ஆசை மண்டைக்குள் புகுந்துவிட்டால் போச்சு, அப்புறம் ஆண்டவனே வந்தாலும் இறக்க முடியாது. அந்த வருஷம் அவருக்குப் படகு ஆசை வந்தது.

அவர் ஊரில்தான் ஆறு கடலில் சேருகிறது. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து குவித்து ஆற்றின் வாயை அடைத்துவிடும். மழையில் தண்ணீர் பெருகியதும் மீனவர்கள் கூடி, கடலம்மாவுக்குத் தேங்காய் உடைத்து, அந்த மணல்மேட்டை வெட்டித் திறப்பார்கள். பொழி வெட்டுவது என்று அதற்குப் பெயர். முதல் வெட்டு ராஜா கையால்தான் விழ வேண்டும்.

இந்தத் தடவை தளவாய் காதைக் கடித்தார். "பொழியை வெட்டினால் தண்ணீரெல்லாம் வடிந்துவிடும், மகாராஜா. வெட்டாமல் விட்டால் தங்கள் படகு அன்னம் மாதிரி மிதக்கும்!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே தண்டோரா போடச் சொன்னார். "நிறைந்தது நிறைந்தபடியே இருக்க வேண்டும். திறப்பவன் தலை போகும்!"

கொஞ்ச நாளில் தண்ணீர் பச்சை பிடித்து நாறியது. மடவை மீனெல்லாம் செத்து மிதந்தது. கொசுவோ ஆளையே தூக்கிக்கொண்டு போகும்போல இருந்தது. மீன்காரி முத்தரசி சபைக்கே வந்து நின்றாள்.

"ராசா, இறால் கடல்லதான் முட்டை போடும். குஞ்சுதான் உள்ள வந்து வளரும். வாசலை அடைச்சுப்புட்டா அது எந்த வழியா வரும்? எங்க அடுப்பு எப்படி எரியும்?"

"அட போம்மா! நிறைஞ்ச தண்ணியைப் பார்க்க எவ்வளவு அழகா இருக்கு!" என்று அனுப்பிவிட்டார் ராஜா.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதைப் பார்த்த தாண்டவனுக்கு மனசு பொறுக்கவில்லை. தாண்டவன் யாரென்றால், அந்தச் சபையின் விகடகவி. ராஜாவையே கேலி பண்ணிவிட்டுப் பரிசும் வாங்கிப்போகிற ஆசாமி.

"மகாராஜா, நாளைக்கு ராணியம்மாவோடு படகில் ஓர் உலா போகலாமே?" என்றான்.

மறுநாள் படகு கிளம்பியது. ராஜா, ராணி, தளவாய், துடுப்பு போடத் தாண்டவன். இரண்டு கரையிலும் ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. நல்ல வெயில். தாண்டவன் இளநீரைச் சீவிச் சீவி நீட்டினான். பிறகு பானகம், அதன்மேல் நீர்மோர். ராஜாவும் தளவாயும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. தாண்டவனும் கூடவே குடித்தான்.

நடு ஆற்றுக்கு வந்தபோது ராஜா நெளிய ஆரம்பித்தார்.

"தாண்டவா, கரைக்கு விடு."

"ஏன் மகாராஜா? காற்று பிரமாதமா இருக்கே!"

"சின்னதா ஒரு ஜோலி."

"ராஜ்ய காரியமா?"

"இல்லைடா!" ராஜா ராணியை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உள்ளே முட்டுது!"

"ஆஹா! நிறைஞ்சிருக்கா? எவ்வளவு அழகு!" தாண்டவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். "நிறைந்தது நிறைந்தபடியே இருக்க வேண்டும் என்பது தங்கள் ஆணையாச்சே! தளவாயாரே, திறந்தால் என்ன தண்டனை?"

தளவாய் அந்தப் பக்கம் காலைப் பின்னிக்கொண்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். "தலை போனால் போகட்டும்! புண்ணியமாப் போகும், கரைக்கு விடுய்யா!"

"அரை நாழிகை அடைச்சு வைக்கவே உயிர் போகுதே மகாராஜா! இந்த ஆறு எத்தனை நாளா அடைச்சுக்கிட்டுக் கிடக்கு, பாவம்!"

"புரிஞ்சுதுடா படுபாவி! பொழியை இன்னிக்கே வெட்டலாம். முதல்ல படகைத் தள்ளு!"

படகு கரையைத் தொடுமுன் ராஜா குதித்துத் தாழம்புதருக்குப் பின்னால் ஓடினார். தளவாய் அதற்கு அடுத்த புதர். ராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

திரும்பி வந்த ராஜாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டு வெட்டினார். தண்ணீர் 'ஹோ' என்று கடலுக்குப் பாய்ந்தது, கடலும் எதிர்த்து உள்ளே வந்தது. முத்தரசி சந்தோஷம் தாங்காமல் குலவை போட்டாள்.

ராஜா சிரித்தபடி தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஆமாம், நீயும்தானே எங்களோடு சரிக்குச் சரி குடிச்சே? உனக்கு ஒண்ணும் ஆகலையா?"

"நான் முன்ஜாக்கிரதைக்காரன், மகாராஜா. புறப்படும்போதே பொழி வெட்டிட்டுத்தான் வந்தேன்!"