பதினோரு திங்கட்கிழமை

“அவன் ஒருத்தன்தான் அம்மா எல்லாத்துக்கும் காரணம். குழாய் எங்க உடைஞ்சிருக்குன்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்காம உக்காந்திருக்கான். பச்சப் பிள்ளைங்க வயித்துல சாக்கடையை ஊத்திட்டு நல்லா இருந்துருவானா அவன்?”

கோட்டைச்சாமி மடத்துத் தரையில் ஓங்கி அறைந்தார். சிமெண்ட் தரை. வலித்தது அவருக்குத்தான்.

மடத்து அம்மா ஆவுடையம்மாள் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார்.

“எவன் அண்ணாச்சி?”

“நகராட்சியில எவனோ ஒருத்தன். பேரு தெரிஞ்சா இங்க வந்து ஏன் கத்துதேன்? நேரா அவன் வீட்டு வாசலுக்குல்லா போயிருப்பேன்.”

“பேரு தெரியாதவருக்கு இடம் தெரியும்னு மட்டும் எப்படித் தெரியும்?”

“முப்பது வருஷமா இந்த ஊர்க் குழாயைக் கட்டி மேய்க்கான். அவனுக்குத் தெரியாம இருக்குமா?”

அம்மா பயறில் கிடந்த கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தார்.

கோட்டைச்சாமிக்கு வயது ஐம்பத்தாறு. அம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. வாழை மண்டியில் தார் சுமக்க வந்து, ஏச்சும் அடியும் வாங்கி, வாயை மட்டுமே முதலாக வைத்து ஒரு கடை பிடித்த மனுஷன் அவர். அவர் பேரத்தில் இறங்கினால் எதிராளி தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைக்க ஆரம்பித்துவிடுவான். ஒரு நாள் அம்மா வந்து ஒரு தாருக்கு விலை கேட்டார். இவர் வழக்கம்போல ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னார். அம்மா அதை அப்படியே கொடுத்துவிட்டுத் தாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கோட்டைச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள், கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மண்டிக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறை மடத்துக்கு வந்தார். எதற்கும் அம்மாவிடம் வழி கேட்க ஏழு வருஷமாக வந்துகொண்டிருக்கிறார்.

“அரசிக்கு இப்ப எப்படி இருக்கு?”

“காலையில இருந்து நாலு தடவை போயிட்டு. கண்ணு ரெண்டும் குழியில கிடக்கு. அழக்கூடத் தெம்பில்ல.”

சொல்லும்போதே அவர் கை சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தது. வந்ததிலிருந்து அது எட்டாவது தடவை.

அரசி அவருடைய மகள் பொன்மாரியின் பிள்ளை. பதினாலு மாதம். போன மாதம் இதே மாதிரி வயிற்றால் போய், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித் தேற்றிக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். ஆனால் குளிக்க உட்காரவைத்தால் அந்தப் பிள்ளை வாளித் தண்ணீரை அள்ளி அள்ளி வாயில் விட்டுக்கொள்கிறது. கையைப் பிடித்தால் சிரிக்கிறது.

“எத்தனை தடவை மனுக் குடுத்தீங்க?”

“குடுத்தது ஒண்ணுதான். அதைக் கேட்டு அலைஞ்சது பதினோரு திங்கட்கிழமை. மனு நாள் தவறாமப் போனேன். போனா, ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு ஒரு பதில். நான் கும்பிடுத சாமிகூட இவ்வளவு பரிசீலனை பண்ணாது.”

கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார்.

“அம்மா, ஒண்ணு கேக்கேன். கல்லு மாதிரி உக்காந்திருக்கவனை அசைக்கதுக்கு என்ன வழி?”

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“வாங்க, போவோம்.”

“நீங்களுமா வாரீங்க? நல்லதாப் போச்சு. ரெண்டு பேராப் போனா பயப்படுவான்.”

வழியில் போன் அடித்தது. பொன்மாரிதான்.

“அப்பா, அஞ்சாவது தடவையும் போயிட்டு. நாங்க பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கோம். நீங்க பதறி ஓடி வராதீங்க. அவங்க கூட இருக்காங்க.”

மருமகன் உடன் இருந்தால் பதற்றம் எங்கே போகும்? அங்கேயும் போக முடியாமல் இங்கேயும் நிற்க முடியாமல், நகராட்சி வாசலுக்கு வருவதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மணி நாலேகால். மனுக்கள் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் ரெஜினா என்கிற எழுத்தர் உட்கார்ந்திருந்தார். கோட்டைச்சாமியைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“வாங்க அண்ணாச்சி. இன்னைக்கு வியாழக்கிழமையாச்சே. கிழமை மறந்துட்டா?”

“பாத்தீங்களா அம்மா, நக்கலை?”

அம்மா ஜன்னல் பக்கம் குனிந்தார். “அவரு குடுத்த மனு உங்ககிட்ட இருக்கா? கொஞ்சம் சத்தமாப் படிச்சுக் காட்டுங்களேன்.”

ரெஜினாவுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த மனு மேலாகவே கிடந்தது. பதினோரு வாரமாக அதைக் கீழே வைக்க அவருக்கு நேரம் ஏது?

“‘ஒன்று, கிணற்றடித் தெரு முழுவதும் பழைய குடிநீர்க் குழாய்களை அகற்றிப் புதிய குழாய்கள் பதித்துத் தர வேண்டும். இரண்டு, தெரு முனையில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டித் தர வேண்டும். மூன்று, சிமெண்ட் சாலை அமைக்க வேண்டும். நான்கு, பன்னிரண்டு தெருவிளக்குகள். இப்படிக்குத் தெருப் பொதுமக்கள்.’ கீழ அறுபத்திரண்டு கையெழுத்து இருக்கு.”

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“பின்பக்கம் ஏதும் எழுதியிருக்கா?”

ரெஜினா தாளைத் திருப்பிக் காட்டினார். ஒன்றும் இல்லை.

அம்மா கோட்டைச்சாமியைப் பார்த்தார்.

“இதுல அரசி எங்க அண்ணாச்சி?”

அவர் அம்மாவை அவசரமாக வராந்தாவின் மறுகோடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நின்று, ஜன்னலுக்குக் கேட்காதபடி பேசினார்.

“உங்களுக்கு யாவாரம் தெரியாது அம்மா. மண்டிக்குள்ள நுழைஞ்சா, நமக்கு வேணுங்கிற தாரைக் கையால தொடப்பிடாது. கண்ணால ஏறிட்டும் பாக்கப்பிடாது. பக்கத்துல கிடக்க தாரைத்தான் தூக்கிப் பாக்கணும், அதைத்தான் காய் பத்தாதுன்னு ஏசணும். நமக்கு எது வேணும்னு தெரிஞ்சிட்டா நம்ம கழுத்து அவன் கையில.”

“சரி.”

“நாலு கேட்டா ரெண்டாக் குறைப்பான். அந்த ரெண்டுல ஒண்ணை நாம பெரிய மனசு பண்ணி விட்டுக்குடுக்கணும். கடைசியில, ‘போனாப் போகுது, அந்த உடைஞ்ச இடத்தையாவது மாத்திக் குடு’ன்னு இறங்கி வரணும். அப்பத்தான் சல்லிசா முடியும். அவசரம்னு காட்டினா கையை நீட்டுவான்.”

“குறைச்சாங்களா?”

“யாரு?”

“நாலை ரெண்டா.”

“குறைக்கவே மாட்டேங்கான் அம்மா. அதான் எனக்கும் பிடிபடல. பதினோரு வாரமா ஒருத்தன் எதிர்விலை சொல்லாம இருப்பானா?”

“உடைஞ்ச இடம்னு சொன்னீங்களே. அது எவ்வளவு பெருசு?”

“ஒரு முழம் இருக்கும். மேல சாக்கடை போகுது. தண்ணி திறந்துவிட்டா அந்த இடத்துல கறுப்பாக் கொப்புளிக்கும். சித்திரையில நானே என் கண்ணால பாத்தேன்.”

“இப்ப ஆடி பிறந்துட்டு.”

அவர் சட்டைப் பையிலிருந்த போனை மறுபடி தொட்டுப் பார்த்தார்.

“தெருவுல வேற யாருக்கு அந்த இடம் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. தண்ணி நாறுதுன்னு மட்டும் தெரியும். ஆளாளுக்குப் போயி உளறிக் காரியத்தைக் கெடுத்துராதீங்க, எது பேசணும்னாலும் நான் பேசிக்கிடுதேன்னு கண்டிப்பாச் சொல்லி வச்சிருக்கேன்.”

அம்மா திரும்பி ஜன்னலுக்குப் போனார். கோட்டைச்சாமி இருந்த இடத்திலேயே நின்றார். அங்கிருந்தே காதைத் தீட்டிக்கொண்டார்.

“குடிக்கிற தண்ணியில சாக்கடை கலக்குதுன்னு ஒருத்தர் வந்து சொன்னா நீங்க என்ன செய்வீங்க?”

“அதுக்கு மனுவே வேண்டாம்மா. அதுக்குன்னு தனி நோட்டு இருக்கு. எழுதினா குழாய் ரிப்பேர் பாக்குற பிட்டருக்கு அன்னைக்கே போயிரும். உடனே சரியாயிரும்னு பொய் சொல்லமாட்டேன், ரெண்டு நாள் ஆகும், மூணு நாளும் ஆகும். ஆனா மொதல்ல அந்தக் குழாயை அடைச்சிட்டு, தெருவுக்கு லாரியில தண்ணி விட்டுருவாங்க.”

“அவரு கேட்டது?”

“அவரு கேட்டது புதுக் குழாய். அதுக்கு மதிப்பீடு போடணும், மன்றத்துல வைக்கணும், டெண்டர் விடணும். அந்த ஃபைல் போயிட்டுத்தான் இருக்கு. ஒரு வருஷம் ஆகும்.” ரெஜினா பேனாவைத் திறந்தார். “ஏன் கேக்கீங்க? எங்கயாவது கலக்குதா? எந்த இடம்னு சொல்லுங்க, இப்பவே எழுதிக்கிடுதேன். அஞ்சு மணிக்கு பிட்டர் கிளம்பிருவாரு. போயிட்டாருன்னா நாளைக்கு லீவு, அப்புறம் சனி, ஞாயிறு.”

“எனக்குத் தெரியாதேம்மா.”

அம்மா வராந்தாவுக்கு வந்தபோது கோட்டைச்சாமி படியில் உட்கார்ந்திருந்தார். போன் காதில் இருந்தது. அந்தப் பக்கம் பொன்மாரி பேசுவது வெளியிலேயே கேட்டது.

“நரம்பு கிடைக்கலப்பா. மூணு இடத்துல குத்திட்டாங்க. இப்பத்தான் ஏறுது. டாக்டரு எந்தத் தெருன்னு கேட்டாரு. பக்கத்துக் கட்டில்ல யாரு தெரியுமா? நம்ம தெரு தையக்கார ஐசக் அண்ணன் மகன். அவனுக்கும் இதேதான்.”

போனை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. வருத்தம் வர வேண்டிய இடத்திலெல்லாம் அவருக்குக் கோபம்தான் வரும்.

“பதினோரு தடவை வந்தேன் அம்மா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘எதுக்கு அண்ணாச்சி இப்படி நாயா அலையுதீங்க, என்ன விஷயம்?’னு ஜன்னல்ல உக்காந்திருக்க அந்தப் பிள்ளை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருக்கலாம்.”

“குழாய் மாத்தச் சொல்லுதானேன்னு என்ஜினீயரு தெருவுல வந்து ஒரு எட்டுப் பாத்திருக்கணுமா, இல்லையா?”

“பாத்திருக்கணும்.”

“அப்ப தப்பு அவங்க மேலயும்தான்.”

“அவங்க மேலயும்தான்.”

உள்ளே யாரோ பீரோவைப் பூட்டும் சத்தம் கேட்டது. கோட்டைச்சாமி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்தார்.

“புதுக் குழாய் வரும், தொட்டி வரும்னு அறுபத்திரண்டு வீட்டுல கையெழுத்து வாங்கியிருக்கேன். இப்பப் போயி, ஒரு முழக் குழாய்தான் உடைஞ்சிருக்கு, சித்திரையில இருந்தே எனக்குத் தெரியும்னு அந்தப் பிள்ளை முன்னால எப்படி அம்மா நிப்பேன்? ஐசக்கு முகத்துல எப்படி முழிப்பேன்? நீங்க போயிச் சொல்லிருங்க. இடத்தை உங்ககிட்டச் சொல்லுதேன்.”

அம்மா அவருக்கு ஒரு படி கீழே இறங்கி, அவர் முகத்துக்கு நேராக நின்றார்.

“என்கிட்ட வேண்டாம் அண்ணாச்சி. இடம் தெரிஞ்சவன் ஒருத்தன் மூணு மாசமா வாயைத் திறக்காம உக்காந்திருக்கான். அஞ்சு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் கிடக்கு. அவனை எந்திரிச்சு உள்ள போகச் சொல்லுங்க. எங்க உடைஞ்சிருக்குன்னு இன்னைக்காவது அவன் வாயால சொல்லட்டும்.”