மஞ்சள் இலை வைத்த முள்ளம்பன்றி

குளத்து மேட்டில் ஒரு வளை. அதில் முள்ளம்பன்றி மாசாணனும் மனைவி பூவாத்தாவும் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்தன.

கோடையில் மாசாணனின் கால் முறிந்தது. வீட்டுக்குத் தெரியாமல் வளையை அடமானம் வைத்து, நரி கூத்தையனிடம் நூறு கிழங்கு கடன் வாங்கியது. கால் தேறியது. கடன் தீரவில்லை.

ஒரு நாள் பூவாத்தா வெளியே போயிருந்தபோது நரி வந்து, அடமானத்துக்கு அடையாளமாக வாசலில் முள்கிளையை நட்டது.

"மாசாணா! முதல் மழைக்குள் கிழங்கு வரணும். இல்லைன்னா வளை எனக்கு!"

"வாசல்ல என்னங்க முள்?" என்றது திரும்பி வந்த பூவாத்தா.

"காற்றுக்குத் தடுப்பு!"

"என் காதுல பூ சுத்தாதீங்க!"

மாசாணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"போய் மஞ்சள் இலை வைங்க!"

"நானா? காடே சிரிக்குமே!"

"குட்டிகளோட மழையில நின்னா மட்டும் காடு அழப்போகுதா?"

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கடனில் மூழ்கியவர் பழுத்த மஞ்சள் இலை ஒன்றை, வழக்குத் தீர்க்கும் காட்டெருமையின் முன் வைத்து, கையில் உள்ளதையெல்லாம் கொட்டிக் காட்ட வேண்டும். கடன் கொடுத்தவர் அதை மட்டும் எடுத்துக்கொண்டு விலகிவிட வேண்டும். குட்டிகள் தூங்கும் வளையைத் தொடக் கூடாது. ஆனால் ஒரு கிழங்கை மறைத்தாலும் வளை போய்விடும்.

'கால் முறிந்தது என் குற்றமா? இல்லை. மறைத்தது? அது என் குற்றம்தானே?' வழியெல்லாம் மாசாணன் தன்னையே கேட்டுக்கொண்டு போனது; பூவாத்தாவும் குட்டிகளும் பின்னால் நடந்தன.

நரியும் வந்து நிற்க, காட்டெருமையின் முன் இலையை வைத்தது. முப்பது கிழங்கைக் கொட்டியது. காகங்கள் கொக்கரித்துச் சிரித்தன.

"இவ்வளவுதானா?" என்று கேட்டது காட்டெருமை.

மாசாணன் குட்டிகளைப் பார்த்தது.

"இல்லைங்க. வேங்கை மரத்தடியில் பன்னிரண்டு இருக்கு. இதுகளுக்காகப் பதுக்கினேன்."

ஏதோ சொல்ல வாயைத் திறந்த நரி சட்டென்று மூடிக்கொண்டது.

"கூத்தையா! உன் மூக்கில் என்ன மண்?" என்றது காட்டெருமை.

"அது... வந்து..."

"வேங்கை மரத்தடி மண்தானே? இவன் மறைப்பான், வளையைப் பறிக்கலாம் என்று மோப்பம் பிடித்துவிட்டுக் காத்திருந்தாயா? அந்தப் பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டு போ! வளை அவர்களுக்கே! மாசாணா, மூன்று மழைக்காலம் உனக்கு யாரும் கடன் தரமாட்டார்கள்."

"வேண்டவே வேண்டாம், ஐயா!"

திரும்பும்போது, அதிகமாகச் சிரித்த காகம் தாழப் பறந்து வந்தது.

"அண்ணே, அந்த இலை எந்த மரத்துல பறிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டது.

அன்று மாலை முள்கிளையைப் பிடுங்கி எறிந்தன. குளக்கரையில் தோண்டிய கோரைக்கிழங்குதான் சாப்பாடு. வெளியே முதல் மழை கொட்டியது. பல நாளுக்குப் பிறகு, முதுகு முள்ளெல்லாம் படிய மாசாணன் உறங்கியது.

கடன் கழுத்தை நெரிக்கும்போது, வெட்கப்பட்டு மறைப்பவர் வீட்டை இழப்பார். உள்ளதை உள்ளபடி சொல்பவர் குடும்பத்தைக் காப்பார்.