புதருக்குப் போன பந்து

மலைமேலே ஒரு கோல்ஃப் சங்கம். குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுகிறவருக்கே அந்த ஆட்டத்தில் ஜெயம். ஆட்டம் சரியாக வராத அங்கத்தினருக்குப் போட்டியில் சில அடிகளைக் கழித்துவிடுவது அங்கே வழக்கம். தலைவர் ரங்கநாயகம் வருஷமெல்லாம் மோசமாக ஆடிக் காட்டி அந்தச் சலுகையை வாங்குவார். போட்டியன்று வெளுத்துக்கட்டிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவார்.

இந்த வருஷம் போட்டி முடிந்ததும் முணுமுணுப்பு கிளம்பியது. தலைவர் தன் பையைச் சுமக்கும் மருதாயியைக் கூட்டிவந்தார். "வாய் தவறினா வேலை போயிடும்" என்று காதில் சொல்லிவிட்டுச் சபையில் கேட்டார்:

"நான் வேணும்னே தப்பா ஆடினேனா?"

முள் கிழித்த தன் காலைப் பார்த்தாள் மருதாயி.

"ஐயா தப்பா ஆடுவாங்களா? 'அந்தப் புதர்கிட்ட போய் நில்லு'ம்பாங்க. நிப்பேன். பந்து நேரா என் காலடிக்கே வரும். இப்படிக் குறி வேற யாருக்கு இருக்கு?"

சபை கைதட்டிச் சிரித்தது. கோப்பை இரண்டாவதாக வந்தவருக்குப் போனது.

மறுநாள் மருதாயியை வெளியே அனுப்பினார்கள். கைதட்டியவர்களில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.