எக்ஸ்ரே திரை விழுந்த கதை

கோவையில் எக்ஸ்ரே படங்களுக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி ஒன்று இருந்தது. செண்பகவல்லி அங்கே ஒப்பந்தச் சோதனையாளர். மென்பொருளின் மேல்பகுதி ஜாவா என்ற கணினி மொழியில் இருந்தது. படத்தைத் தெளிவாக்கும் உள்பகுதியைத் தலைமை வல்லுநர் கஜேந்திரன் சி மொழியில் எழுதியிருந்தார். வாரத்துக்கு ஒருமுறை மென்பொருள் முழுசாகச் செத்து விழுந்தது.

"சார், ஜாவா கொடுத்த நினைவகத்துல உங்க பகுதி இன்னும் வேலை செஞ்சுட்டிருக்கு. அது தெரியாம, இனி யாருக்கும் வேண்டாம்னு ஜாவா அதைக் கூட்டித் தள்ளிடுது" என்றாள் செண்பகவல்லி.

அலுவலகக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கஜேந்திரன் சிரித்தார். "இருபது வருஷமா எழுதுறேன். என் புரோகிராம்ல ஒரு எழுத்தைக்கூட தொடாம, இப்பவே விழ வச்சுக் காட்டு. முடியலைன்னா நாளைக்கு வராதே."

"தொட மாட்டேன் சார். ஜாவா பக்கம் மட்டும் கொஞ்சம் கூட்டிப் பெருக்கிக்கலாமா?"

"ஆயிரம் தடவை பெருக்கும்மா! எனக்கென்ன?"

ஜாவா தானாக எப்போதாவது பெருக்கும்வரை காத்திராமல், படத்தை உள்ளே அனுப்பும் வரிக்கு அடுத்தே, 'உடனே கூட்டு' என்று ஜாவாவுக்கு ஒரு கட்டளை சேர்த்தாள். பொத்தானை அழுத்தினாள். பாதி விலா எலும்பு தெரிந்த திரை அப்படியே மறைந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை கஜேந்திரனே அழுத்திப் பார்த்தார், அப்போதும் விழுந்தது.

"இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு தடவை பாக்கி இருக்கு சார். பெருக்கட்டுமா?"

கூட்டம் சிரித்தது. கடைசியில் கஜேந்திரனும் சிரித்துவிட்டார். படத்தைத் தன் பகுதியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளும்படி அன்று மதியமே திருத்தினார். 'உடனே கூட்டு' கட்டளையை எடுக்காமலே செண்பகவல்லி நானூறு படம் அனுப்பிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. நிம்மதியாக டீ குடிக்கப் போனாள்.