இரண்டு கிண்ணம் பால்சோறு

முன்னொரு காலத்தில் குன்றைநாட்டை இளவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். முன்கோபி. ஒருநாள் காலை, செவிலி வெள்ளையம்மாள் ஊட்டிய பால்சோற்றைத் தின்ற இளவரசன் வாந்தியெடுத்துச் சுருண்டான்.

"விஷம் வைத்துவிட்டாள்!" என்று கூவினார் அரண்மனை அதிகாரி சேனாதிராயர். அவருக்குத் தன் மைத்துனியைச் செவிலியாக்க ஆசை. மாசிலாமணி என்ற விஷ வைத்தியரையும் சாட்சிக்குக் கூட்டிவந்தார்.

"அவர் ஆமென்றால் இவளுக்குக் கழுமரம்தான்" என்றான் ராஜா, அவையில் கைகள் கட்டப்பட்டு நின்ற வெள்ளையம்மாளைக் காட்டி.

சாட்சி சொல்ல வரும் வைத்தியரை முதலில் மந்திரி சோதிப்பது அந்த அவையின் வழக்கம். மந்திரி திருமேனியார் இரண்டு கிண்ணங்களை நீட்டினார். "ஒன்று செவிலி ஊட்டியதில் மிச்சம். மற்றது மடைப்பள்ளியிலிருந்து வந்தது."

வைத்தியர் முகர்ந்தார். "முதலாவது ஊமத்தை, சந்தேகமே இல்லை! இரண்டாவது அமுதம்."

"அமுதத்தில் ஒரு வாய் சாப்பிடுங்களேன்."

வைத்தியர் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்.

"இரண்டுமே செவிலியின் மிச்சம்தான், ஐயா. பிரித்துவைத்தவன் நான்."

"ஐயோ, மோர்! மோர் கொண்டுவாருங்கள்!" என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு குதித்தார் வைத்தியர். அவையே சிரித்தது.

"பயப்படாதீர். இதே சோற்றை நான் தின்று நான்கு நாழிகை ஆகிறது."

ராஜா திடுக்கிட்டான். "விஷம் இருந்திருந்தால்?"

"அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது, அரசே. அதனால்தான் முதலில் நான் தின்றேன்."

"பிறகு என் பிள்ளைக்கு என்னதான் ஆயிற்று?"

"எனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவரை நாம் யாரும் கேட்கவே இல்லை. இளவரசர்."

சொல்லும்போதே மந்திரிக்குக் கூசியது. தின்று பார்க்கத் தோன்றிய புத்திக்கு, ஒரு குழந்தையைக் கேட்க இத்தனை நேரமா?

ராஜா ஓடிப்போய்க் கட்டிலருகே மண்டியிட்டான். "கண்ணு, வேறென்ன சாப்பிட்டே?"

"தோட்டத்து வேலியில காட்டாமணக்குக் கொட்டை. இனிச்சுது. நீங்க அடிப்பீங்கன்னு சொல்லலைப்பா."

ராஜா தலை குனிந்தான். வெள்ளையம்மாளை அங்கேயே அழைத்துவரச் செய்து, அவள் கைக்கட்டைத் தானே அவிழ்த்தான். மந்திரிக்குத் தன் முத்துமாலையை அணிவித்தான்.

"உனக்கு என்ன வேண்டும், தாயே? கேள்."

அவள் பார்வை கட்டிலைவிட்டு அகலவில்லை. "அந்த வேலியை வெட்டச் சொல்லுங்க, சாமி. புள்ள மறுபடியும் தின்னுடும்."

அன்று மாலை சேனாதிராயரும் வைத்தியரும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியைத் தூரோடு தோண்டினார்கள். உள்ளே வெள்ளையம்மாளின் மடியில் பிள்ளை தூங்கிப்போயிருந்தான். மண்வெட்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், ராஜா ஜன்னல் வழியே எட்டிப்பார்த்து, "மெதுவா!" என்று அதட்டிக்கொண்டிருந்தான்.