பட்டறைக்குப் போன கேள்வி

தெற்கே ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் ஒரு கேள்வி பிறந்தது.

முதலாண்டு மாணவி பேச்சியம்மாள் அன்று நிரல் எழுதிக்கொண்டிருந்தாள். திரையில் சிவப்பாக ஒரு பிழைச் செய்தி வந்தது. உடனே கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வகுப்பு முடியும் வரை அந்தக் கை மேலே வரவேயில்லை.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்று கேட்டார் ஆசிரியை ஜெசிந்தா.

"தப்புன்னு சொல்லிருச்சு மிஸ்."

"அது எல்லாருக்கும் சொல்லும். எனக்கும் சொல்லும்."

"உங்களுக்குச் சொன்னா அது மிஷின் மிஸ். எனக்குச் சொன்னா எங்க பள்ளிக்கூடத்து சார் சொல்ற மாதிரியே இருக்கு."

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தார். அந்த வரிசையில் பாதிப் பேரின் கைகள் மடியில் கிடந்தன. அப்போதுதான் அவருக்குள் கேள்வி பிறந்தது: 'தப்பு என்று திரை சொன்னதும் இந்தப் பிள்ளைகள் ஏன் கையை எடுத்துவிடுகிறார்கள்?'

ஜெசிந்தா முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். பிள்ளைகள் கணினி கற்கும் விதம்தான் அவருடைய ஆய்வு. அந்தத் துறைக்காரர்களுக்கு ஆய்வு முறைகளைச் சொல்லித்தர நகரத்தில் ஒரு பயிற்சிப் பட்டறை நடந்தது. கேள்வியைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். பஸ்ஸில் கேள்வி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது. தன் விடையைத் தேடிப் போக அங்கே யாராவது வழி காட்டுவார்கள் என்று அதற்கு ஒரே சந்தோஷம்.

பட்டறையின் மேடையில் புள்ளியியல் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அளவுகோல், உடம்பில் ஐந்து கோடுகளோடு, நிமிர்ந்து நின்றது. நேர்காணலுக்கு மேடையில் நாற்காலி போடவில்லை. அது கடைசி பெஞ்சில் இருந்தது.

கேள்வி தன்னை முழுதாகச் சொல்லிக்கொண்டது.

"எத்தனை பேர் கையை எடுத்தார்கள்?" என்று கேட்டது புள்ளியியல்.

"எங்கள் வகுப்பில் இருபது பேர் இருக்கும்."

"இருபது பேர் பந்தியில் ஒரு வரிசைக்குக்கூடக் காணாது. பல நூறு பேரைக் கொண்டு வா. அப்புறம் பேசலாம்."

அளவுகோல் கொஞ்சம் அன்பாகப் பேசியது. "இங்கே வா தங்கச்சி. உன்னிடம் 'ஏன்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அது என் கோடு எதிலும் நிற்காது. 'எவ்வளவு' என்று மாற்றிக்கொள்."

"மாற்றினால் நான் நானாக இருப்பேனா?"

"இன்னும் நன்றாக இருப்பாய். எந்த ஊரிலும் உன்னைக் கேட்கலாம்."

"பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். அதைத்தான் நான்..."

"கூச்சத்தை அளக்க இங்கே தயாராக எதுவும் இல்லை. திருப்தியை அளக்க இருக்கிறது. அதை எடுத்துக்கொள். உங்கள் ஆய்வகத்தில் புதிதாகப் போட்டுப் பார்க்கிற பயிற்சி மென்பொருளைப் பற்றிக் கேள்."

தேநீர் இடைவேளையில் நேர்காணல் மெதுவாக அருகே வந்தது. "என்னோடு வருகிறாயா? பேச்சியம்மாள் வீட்டுக்குப் போவோம். முதலில் ஒன்றும் சொல்லமாட்டாள். நாம் போய்க்கொண்டே இருந்தால், ஒருநாள் அந்தப் பள்ளிக்கூடத்து சாரைப் பற்றிச் சொல்வாள்."

கேள்விக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது ஜெசிந்தாவைப் பார்த்தது.

"எவ்வளவு காலம் ஆகும்?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"ஒரு வருஷம். மேலேயும் ஆகலாம்."

"ஜூனுக்குள்ள கட்டுரை வரலேன்னா என்னைய வேலையில வச்சுக்கமாட்டாங்க. வீட்டுல என் சம்பளம் மட்டுந்தான்."

நேர்காணல் வற்புறுத்தவில்லை. "தெரியும். எல்லோரும் டீ குடிக்கும்போது மட்டும்தான் என்னோடு பேசுகிறார்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் பெஞ்சுக்குப் போய்விட்டது.

பட்டறை முடிவதற்குள் கேள்வியை நறுக்கி, தட்டி, தேய்த்து ஆளையே மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் காரணம் சொன்னார்கள். காரணங்கள் எல்லாம் நியாயமாகவே இருந்தன. கடைசியில் அது இப்படி ஆகியிருந்தது: 'புதிய பயிற்சி மென்பொருள் மாணவர்களின் திருப்தியை எவ்வளவு உயர்த்துகிறது?'

திரும்பி வரும் வழியில், "வலிக்குதா?" என்று ஜெசிந்தா கேட்டார்.

"இல்லை" என்றது கேள்வி. "முன்னே எனக்கு என்ன தெரியவேண்டியிருந்தது என்பதுதான் நினைவுக்கு வரவில்லை."

ஜெசிந்தா அதன் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பருவத்தின் கடைசி வகுப்பில் ஐந்து கட்டங்கள் போட்ட கருத்துத் தாள்கள் கொடுக்கப்பட்டன. பக்கத்துக் கல்லூரிகளிலும் கொடுத்தார்கள். பேச்சியம்மாளுக்கு அந்த மென்பொருளில் ஓடிய இங்கிலீஷ் பாதி புரிந்திருக்கவில்லை. ஆனால் மிஸ் கொடுத்த தாள். மிஸ் நல்லவர். 'மிகவும் திருப்தி' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். தாளுக்குள் இருந்த கேள்வி அவளிடம் ஏதோ சொல்லப் பார்த்தது. ஐந்து கட்டங்களைத் தவிர அதற்கு இப்போது வாய் இல்லை.

புள்ளியியல் கூட்டிக் கழித்துப் பார்த்துத் தலையசைத்தது. கேள்விக்கு ஒரு விடை பிறந்தது. கொழுகொழுவென்று, உரத்த குரலோடு, சந்தேகம் என்பதே தெரியாத பிள்ளை. கட்டுரை அச்சானது. மாநாட்டில் பரிசும் கிடைத்தது. ஜெசிந்தாவின் வேலை நிலைத்தது. கல்லூரி முதல்வர் எல்லா ஆய்வகங்களுக்கும் அந்த மென்பொருளை வாங்கிப் போட்டார். பிள்ளைகளின் நாற்காலிக்குப் பின்னால் நின்று உதவி செய்துகொண்டிருந்த இரண்டு உதவியாளர்களை, இனித் தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்.

ஏற்கெனவே ஒருமுறை தவறியிருந்த பேச்சியம்மாள் அடுத்த தேர்விலும் தேறவில்லை. அவளுடைய அப்பா வேலமர விறகுக் கிடங்கில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். அன்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு முதல்வர் அறைக்கு வந்து நின்றார்.

"பன்னெண்டாவதுல நல்ல மார்க்கு வாங்குன பிள்ளை சார். இங்க வந்து எங்க தப்பாச்சுன்னு தெரியல."

முதல்வரின் மேசைமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது விடை. "எல்லோரும் திருப்தியாக இருக்கிறார்கள்" என்றது.

"கேட்டீங்களா?" என்றார் முதல்வர். "முறையா ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தாச்சு. பாடத்துல குறையில்ல, சொல்லித்தர்றதுலயும் குறையில்ல. இதுக்கு மேலயும் வரலேன்னா பிள்ளைக்குத்தான் வரலேன்னு அர்த்தம். வேற ஏதாவது படிக்க வைங்க."

அப்பா மகளைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

ஜெசிந்தா அறையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். விடை அவர் பக்கம் திரும்பி, பெற்ற தாயைப் பார்ப்பதுபோலச் சிரித்தது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"ஆமாப்பா" என்றாள் பேச்சியம்மாள். "மிஸ்ஸே எழுதியிருக்காங்க."